மீட்பு: கிறிஸ்தவ இறையியலில் அதன் பொருள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மீட்பு என்ற சொல்லின் நேரான பொருள் என்ன?

மீள்வது, மீட்பது என்ற இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். மீள்வது தன்வினை. நோயிலிருந்து மீண்டான், கடனிலிருந்து மீண்டாள் என்கிறோம். மீட்பது பிறவினை. அதற்கு இன்னொருவர் வரவேண்டும். ஏதோ ஒன்றைக் கொடுத்தோ செய்தோ வெளியே கொண்டுவர வேண்டும். கிறிஸ்தவ நம்பிக்கை பேசுவது இந்த இரண்டாவதைப் பற்றித்தான். மனிதன் பாவத்திலிருந்து தானாக மீள்வதில்லை, மீட்கப்படுகிறான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அடகில் இருக்கும் பொருளை 'வாங்கினேன்' என்று யாரும் சொல்வதில்லை, 'மீட்டேன்' என்றுதான் சொல்வார்கள். பொருள் முன்பே தம்முடையது என்பதால்தான் அந்தச் சொல். கடவுள் யாரோ ஒருவருடைய சொத்தை விலை பேசி எடுத்துக்கொள்ளவில்லை. தாம் படைத்து, தமக்கே உரியதாயிருந்து, கைநழுவிப் போனதைத் திரும்பக் கொண்டுவந்தார்.

பாடநூல் பாணியில் சொன்னால்: பாவத்துக்கும் மரணத்துக்கும் அடிமைப்பட்ட மனிதரை, இயேசு கிறிஸ்துவின் வாழ்வு, சிலுவை மரணம், உயிர்த்தெழுதல் ஆகியவற்றின் வழியாகக் கடவுள் விடுவித்துத் தமக்குரியவர்களாக்கிக்கொண்ட செயலே மீட்பு. இதில் மூன்று கூறுகள் உண்டு: ஒரு கட்டு, ஒரு விலை, விடுதலைக்குப்பின் வரும் ஒரு புதிய உரிமை. பிரசங்கங்களில் முதல் இரண்டும் தவறாமல் வரும். மூன்றாவது அடிக்கடி விட்டுப்போகும். அது விட்டுப்போனால் மீட்பு வெறும் தண்டனைத் தள்ளுபடியாகச் சுருங்கிவிடும்.

இரட்சிப்பு, மீட்பு, ஒப்புரவு, நீதிமானாக்கப்படுதல் எல்லாம் ஒன்றுதானா?

ஒரே செயலைத்தான் சொல்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்திலிருந்து வந்த சொல். நீதிமானாக்கப்படுதல் நீதிமன்றச் சொல். ஒப்புரவு என்பது பகைத்துப் பிரிந்தவர்கள் மறுபடி சேர்வது. பலி, பாவநிவிர்த்தி ஆகியவை ஆலயத்துக்குரியவை. மீட்பு அடிமைச் சந்தையிலிருந்தும் குடும்பச் சொத்துச் சட்டத்திலிருந்தும் வந்தது. இரட்சிப்பு இவை அனைத்தையும் அடக்கும் பொதுச்சொல். ஆபத்திலிருந்து காப்பாற்றுவது, குணமாக்குவது என்ற பொருளும் அதற்கு உண்டு.

ரோமர் 3:24, 25 இரண்டே வசனங்கள். அதற்குள் பவுல் மூன்று இடங்களுக்கு நம்மை அழைத்துப் போகிறார். நீதிமான்களாக்கப்படுகிறார்கள் என்கிறபோது நீதிமன்றம். மீட்பைக்கொண்டு என்கிறபோது சந்தை. கிருபாதாரபலி, அதாவது பாவத்தைப் போக்கும் பலி என்கிறபோது ஆலயம். ஒரு படம் போதாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

தமிழில் வாசிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய மொழிபெயர்ப்பு 'இரட்சகர்', 'இரட்சிப்பு' என்று எழுதும் இடங்களில் 1995-ல் வெளிவந்த திருவிவிலியம் பெரும்பாலும் 'மீட்பர்', 'மீட்பு' என்று எழுதுகிறது. லூக்கா 2:11 நல்ல உதாரணம்: பழையதில் இரட்சகர் பிறந்திருக்கிறார், புதியதில் மீட்பர் பிறந்திருக்கிறார். ஆகவே திருவிவிலியத்தில் 'மீட்பு' என்று கண்டவுடன் அங்கே விலை, ஈடு என்ற கருத்து இருப்பதாக முடிவுகட்டக் கூடாது. சூழலைப் பார்க்க வேண்டும். இங்கே இனி வரும் பெயர்களும் சொற்களும் பழைய மொழிபெயர்ப்பை ஒட்டியவை.

மூலமொழிகளில் எந்தச் சொற்கள் இருக்கின்றன?

எபிரெயத்தில் மூன்று முக்கியம். 'காஅல்' என்பது நெருங்கிய உறவினர், உறவின் கடமையாக மீட்பது. அப்படிச் செய்பவர் 'கோஏல்'. 'பாதா' என்பது ஒன்றுக்கு ஈடாக இன்னொன்றைக் கொடுத்து விடுவிப்பது. உறவு அங்கே கட்டாயமில்லை. 'கோபெர்' என்பது உயிருக்கு ஈடாகச் செலுத்தும் தொகை.

கிரேக்கத்தில் 'லூட்ரோன்' என்பது போர்க்கைதியையோ அடிமையையோ விடுவிக்கக் கொடுக்கும் மீட்கும்பொருள். மாற்கு 10:45-ல் இயேசு தம் உயிரைப் பற்றிச் சொல்வது இந்தச் சொல்லைத்தான். அதிலிருந்து பிறந்தது 'அபோலூட்ரோசிஸ்'. பவுல் மீட்பு என்று எழுதும் இடங்களில் பெரும்பாலும் இதுவே. 'அகோரா' என்றால் சந்தை. 'அகோராட்ஸோ' என்றால் சந்தையில் விலைக்கு வாங்குவது. "கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்கள்" என்று 1 கொரிந்தியர் 6:20-ல் வருவது இது. கலாத்தியர் 3:13-ல் இதன் முன் 'எக்' சேர்ந்து, சந்தையைவிட்டே வெளியே கொண்டுவருவது என்ற அழுத்தம் வருகிறது.

'கோஏல்' என்ற ஒரே சொல் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ரூத்தின் புத்தகத்தில் 'சுதந்தரவாளி' (குடும்பச் சொத்தை மீட்கும் உரிமையுள்ள உறவினன்) ஆகிறது, யோபு 19:25-ல் 'மீட்பர்' ஆகிறது, எண்ணாகமம் 35-ல் கொலைக்குப் 'பழிவாங்குபவன்' ஆகிறது. மூன்றும் சூழலுக்குப் பொருத்தமானவையே. ஆனால் தமிழ் வாசகருக்கு மூன்றும் ஒரே ஆளின் கடமைகள் என்பது தெரியாமல் போகிறது. யோபு "என் மீட்பர் உயிரோடிருக்கிறார்" என்று சொல்லும்போது, எனக்காக வழக்கை எடுத்து நிற்க வேண்டிய என் சொந்தக்காரர் உயிரோடிருக்கிறார் என்கிறார். அந்த வசனத்தின் துணிச்சல் அங்கேதான் இருக்கிறது.

பழைய ஏற்பாட்டில் மீட்பு நடைமுறையில் எப்படி நடந்தது?

லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தில் சட்டம் விவரமாக இருக்கிறது. வறுமையால் ஒருவன் நிலத்தை விற்றுவிட்டால், அவனுடைய நெருங்கிய உறவினன் அதை மீட்கலாம். அவனுக்கே பின்னால் பணம் சேர்ந்தால் அவனே மீட்கலாம். யாரும் மீட்காவிட்டால் ஐம்பதாம் ஆண்டான யூபிலியில் நிலம் திரும்பிவிடும். நிலம் கடவுளுடையது, நிரந்தரமாக விற்க உனக்கு உரிமையில்லை என்பதே அடிப்படை.

விலை பேரம்பேசி முடிவாவதில்லை, கணக்கிட்டு முடிவாவது. யூபிலிக்கு 40 ஆண்டு இருக்கும்போது 80 சேக்கலுக்கு (சேக்கல் என்பது வெள்ளியை நிறுக்கும் அளவு) விற்றதாக வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவர் 10 ஆண்டு விளைச்சலை அனுபவித்துவிட்டார். மீதம் 30 ஆண்டுக்கான 60 சேக்கலைக் கொடுத்தால் நிலம் திரும்பும். கடனுக்காகத் தன்னையே அந்நியனுக்கு விற்றுக்கொண்டவனுக்கும் இதே கணக்குத்தான். அவனை மீட்கும் உரிமை உள்ளவர்களாகச் சட்டம் சொல்வது சகோதரன், தகப்பனுடைய சகோதரன், அவன் மகன், பிறகு மற்ற நெருங்கிய இனத்தான். மதில் சூழ்ந்த நகரத்து வீட்டுக்கு மட்டும் கெடு கடுமை: ஓராண்டுக்குள் மீட்காவிட்டால் அது வாங்கினவனுக்கே நிலைத்துவிடும். ஆலயப் பணிக்குரிய கோத்திரமான லேவியருடைய வீடுகளுக்கு அந்தக் கெடு இல்லை.

இது சொத்து மீட்பு. முதற்பேறு (தலைப்பிள்ளை) மீட்பு வேறு. எகிப்தில் முதற்பேறுகள் தப்பிய இரவின் நினைவாக, இஸ்ரவேலின் முதற்பேறான ஆண்கள் எல்லாரும் கடவுளுக்குரியவர்கள். அவர்களுக்குப் பதிலாக லேவியர் ஆலயப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். எண்ணாகமம் 3-ல் தலைகள் எண்ணப்படுகின்றன: லேவியர் 22,000 பேர், முதற்பேறானவர்கள் 22,273 பேர். ஒருவருக்கு ஒருவர் என்று ஈடுகட்டியபின் 273 பேர் மிஞ்சுகிறார்கள். மிஞ்சினார்கள் என்று விட்டுவிடவில்லை. தலைக்கு 5 சேக்கலாக 1,365 சேக்கல் வாங்கி ஆரோனிடம் கொடுத்தார்கள். 'ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர்' என்ற எண்ணம் இஸ்ரவேலில் எவ்வளவு நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதற்கு இந்தக் கணக்கைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கழுதையின் தலையீற்றுக்கு ஓர் ஆட்டுக்குட்டி ஈடு. மீட்காவிட்டால் கழுதையின் கழுத்தை முறித்துவிட வேண்டும். மக்கள்தொகை எடுக்கும்போது இருபது வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவரும் அரைச்சேக்கல் மீட்கும்பொருளாகக் கொடுக்க வேண்டும்; பணக்காரன் கூட்டிக் கொடுக்கக் கூடாது, ஏழை குறைத்துக் கொடுக்கக் கூடாது என்கிறது யாத்திராகமம் 30. கொலைகாரனுடைய உயிருக்கு மட்டும் மீட்கும்பொருளே வாங்கக் கூடாது என்கிறது எண்ணாகமம் 35:31. அதாவது பணத்தால் தீராத ஒரு எல்லை இருந்தது. சங்கீதம் 49 அந்த எல்லையிலேயே நின்று, தன் சகோதரனை ஒருவனாலும் மீட்க முடியாது, ஆத்தும மீட்பு அவ்வளவு அருமையானது என்று சொல்லிவிட்டு, சில வரிகள் தள்ளி, கடவுள் என்னைப் பாதாளத்தின் பிடியிலிருந்து மீட்பார் என்று முடிக்கிறது. புதிய ஏற்பாடு அந்த இடைவெளியில்தான் சிலுவையைக் காண்கிறது.

மீட்பராக இருக்க ஒருவருக்கு என்ன தகுதி வேண்டும்?

ரூத் 4-ஆம் அதிகாரத்தை மெதுவாக வாசியுங்கள். நகோமியும் அவள் மருமகள் ரூத்தும் விதவைகள். போவாஸ் அவர்களுடைய உறவினன். பட்டணவாசலில் அவன் பத்து மூப்பர்களை உட்காரவைத்து, தன்னைவிட நெருங்கிய சுதந்தரவாளி ஒருவனை அழைக்கிறான். நகோமியின் நிலத்தை மீட்கிறாயா என்று கேட்டதும் அவன் "மீட்டுக்கொள்ளுகிறேன்" என்கிறான். நிலத்தோடு ரூத்தையும் ஏற்று, இறந்தவனுடைய பெயரை நிலைநிறுத்த வேண்டும் என்று தெரிந்ததும், என் சுதந்தரம் (சொத்துரிமை) கெடும், என்னால் முடியாது என்று பின்வாங்குகிறான். தன் பாதரட்சையைக் கழற்றிக் கொடுத்து உரிமையை விட்டுவிடுகிறான். அவனுடைய பெயரைக்கூடப் புத்தகம் பதிவுசெய்யவில்லை.

இதிலிருந்து மூன்று தகுதிகள் தெரிகின்றன. உறவு இருக்க வேண்டும். விலை கொடுக்க வசதி இருக்க வேண்டும். நஷ்டம் தனக்கு வந்தாலும் செய்யும் மனம் இருக்க வேண்டும். அந்தப் பெயரில்லாதவனுக்கு முதல் இரண்டும் இருந்தன.

கடவுள் மனிதனானார் என்ற போதனையும் மீட்பும் இணையும் இடம் இதுதான். எபிரெயர் 2-ஆம் அதிகாரம் சொல்வது: பிள்ளைகள் மாம்சத்தையும் இரத்தத்தையும் உடையவர்களாயிருக்க, அவரும் அவற்றை உடையவரானார், அவர்களைச் சகோதரர் என்று சொல்ல வெட்கப்படவில்லை. முதலில் உறவினரானார், பிறகு மீட்டார். நான்காம் நூற்றாண்டில் நசியான்சு ஊர் கிரெகோரியார் இதையே எதிர்ப்பக்கத்திலிருந்து சொன்னார்: கிறிஸ்து எதை ஏற்கவில்லையோ அது குணமாகவில்லை. கிறிஸ்து மனித உடலை மட்டும் ஏற்றார், மனித மனத்தை ஏற்கவில்லை என்ற போதனைக்கு கிரெகோரியார் கொடுத்த பதில் அது.

எதிலிருந்து மீட்பு?

வசனங்கள் தரும் பதில்களைச் சேர்த்தால்: பாவத்தின் குற்றத்திலிருந்து (எபேசியர் 1:7), பாவத்தின் ஆளுகையிலிருந்து (ரோமர் 6), நியாயப்பிரமாணத்தின், அதாவது மோசேயின் சட்டத்தின் சாபத்திலிருந்து (கலாத்தியர் 3:13), முன்னோர் வழியாய் வந்த வீணான நடத்தையிலிருந்து (1 பேதுரு 1:18), மரணபயத்திலிருந்து (எபிரெயர் 2:15).

குற்றமும் ஆளுகையும் வேறு என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். குற்றம் மன்னிக்கப்பட்டும் பழக்கத்தின் பிடி விடாதவன் பாதி விடுதலையில் நிற்கிறான். பவுல் பாவத்தை ஒருமையில், ஓர் எஜமானைப் போல எழுதுகிறார். அது சம்பளம் கொடுக்கிறது; சம்பளம் மரணம். மன்னிப்பு மட்டும் போதுமென்றிருந்தால் அவர் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

விலை என்ன? ஏன் இரத்தம்?

வெள்ளியும் பொன்னும் அல்ல, குற்றமில்லாத ஆட்டுக்குட்டியாகிய கிறிஸ்துவின் இரத்தம் என்கிறது 1 பேதுரு 1:18, 19. லேவியராகமம் 17:11-ன்படி மாம்சத்தின் உயிர் இரத்தத்தில் இருக்கிறது. ஆகவே 'இரத்தம்' என்றால் 'கொடுக்கப்பட்ட உயிர்' என்று வாசிக்க வேண்டும். இரத்தத்துக்குத் தனியே ஏதோ ஒரு சக்தி இருப்பதுபோலப் பேசும் வழக்கம், அந்த உயிரைக் கொடுத்தவரை மறைத்துவிடுகிறது. அவருடைய கீழ்ப்படிதலும் அன்பும் அந்த விலைக்கு வெளியே இல்லை.

அந்த விலை யாருக்குக் கொடுக்கப்பட்டது?

இந்த ஒரு கேள்வியில் திருச்சபை ஆயிரம் ஆண்டு உழைத்திருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டில் இறையியலாளர் ஒரிகன், மனிதர் சாத்தானின் பிடியில் இருந்ததால் விலையும் அவனுக்கே போயிற்று என்ற கருத்தை முன்வைத்தார். நான்காம் நூற்றாண்டில் நீசா ஊர் கிரெகோரியார் அதை ஒரு தூண்டில் உவமையாக்கினார்: மனித உடல் இரை, உள்ளே மறைந்த தெய்வத்தன்மை முள், சாத்தான் இரையை விழுங்கி முள்ளில் மாட்டிக்கொண்டான்.

அவருடைய நண்பர் நசியான்சு ஊர் கிரெகோரியாருக்கு இது பிடிக்கவில்லை. கொள்ளைக்காரனுக்குக் கடவுளையே விலையாகக் கொடுப்பதா என்று தம்முடைய பாஸ்கா உரை ஒன்றில் கொதித்துக் கேட்டார். பிதாவுக்கா என்றால், நம்மை அடிமையாக வைத்திருந்தவர் பிதா இல்லையே என்றும் அதே இடத்தில் கேட்டார். பிதா அந்தப் பலியை ஏற்றது அவருக்குத் தேவைப்பட்டதால் அல்ல, மனிதனைப் புனிதமாக்கத்தான் என்று சொல்லி, அதற்கு மேல் போவதை மௌனத்தால் மதித்தார். 1098-ல் கேன்டர்பரிப் பேராயர் ஆன்செல்ம் 'கடவுள் ஏன் மனிதரானார்' என்ற நூலில், சாத்தானுக்கு மனிதர்மேல் எந்த நியாயமான உரிமையும் கிடையாது என்று நிறுவினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாசும் விலை கடவுளுக்கே செலுத்தப்பட்டது, சாத்தானுக்கு அல்ல என்று எழுதினார்.

புதிய ஏற்பாடு விலையைச் சொல்கிறது, வாங்கிக்கொண்டவர் யார் என்று எங்கும் சொல்லவில்லை. யாத்திராகமத்தையும் பாருங்கள். "ஓங்கிய கையினால் உங்களை மீட்டு" என்று கடவுள் சொன்னார். பார்வோனுக்கு ஒரு காசும் போகவில்லை. அங்கே 'மீட்டல்' என்பது மீட்பவர் ஏற்ற பொறுப்பைக் குறிக்கிறது, பற்றுச்சீட்டை அல்ல. ஓர் உவமையின் எல்லாப் பக்கங்களுக்கும் விடை கேட்டால் அது ஓரிடத்தில் முறியும். மீட்கும்பொருள் என்ற உவமை முறிகிற இடம் இதுதான் என்பது இங்கே எடுத்துக்கொள்ளும் நிலைப்பாடு.

கோபமான பிதாவை அன்பான மகன் சமாதானப்படுத்தினாரா?

இல்லை. இந்தத் தவறு கேள்வி கேட்பவர்களிடமிருந்து வருவதைவிட, பிரசங்கக் கதைகளிலிருந்தே அதிகம் வருகிறது. குற்றவாளியை விட்டுவிட்டுத் தன் மகனைத் தூக்கிலிடும் நீதிபதியின் கதை ஓர் உதாரணம். அந்தக் கதையில் மகனிடம் சம்மதம் கேட்கப்படவில்லை. நீதிபதி எதையும் தாங்கவில்லை. நிரபராதி தண்டிக்கப்படுவது அநியாயம் என்று கேட்பவர்களுக்கு உடனே தோன்றுகிறது. தோன்றத்தான் வேண்டும்.

வேதம் வேறு விதமாகச் சொல்கிறது. உலகத்தில் அன்புகூர்ந்து மகனைக் கொடுத்தவர் பிதா. கிறிஸ்துவுக்குள் இருந்து உலகத்தை ஒப்புரவாக்கியவர் கடவுளே (2 கொரிந்தியர் 5:19). "ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன்" என்று தம் ஜீவனைப் பற்றி இயேசு சொல்கிறார் (யோவான் 10:18). திரித்துவத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சிலுவையை விளக்கப் புகுந்தால் எந்தக் கதையும் கோணலாகத்தான் வரும்.

கடவுள் விலையில்லாமல் சும்மா மன்னித்திருக்கலாமே?

மன்னிப்பு என்றுமே சும்மா நடப்பதில்லை. 100 ரூபாய் கடனைத் தள்ளுபடி செய்கிறவர் அந்த 100 ரூபாய் நஷ்டத்தைத் தாமே ஏற்கிறார். துரோகத்தை மன்னிக்கிறவர் அந்த வலியைத் திருப்பிக் கொடுக்காமல் தமக்குள் வைத்துக்கொள்கிறார். 'சும்மா' என்பது பெறுகிறவரின் பக்கத்திலிருந்து பார்க்கும்போது மட்டுமே உண்மை. ரோமர் 3:24 'இலவசமாய்' என்றும் 'மீட்பு' என்றும் ஒரே மூச்சில் சொல்வதற்கு இதுவே காரணம்.

கடவுளுக்கு வேறு வழியே இல்லாதிருந்ததா என்பது தனிக் கேள்வி. ஆன்செல்ம், மனிதன் செலுத்த வேண்டிய கடனைக் கடவுளால் மட்டுமே செலுத்த முடியும், ஆகவே கடவுளும் மனிதருமான ஒருவர் தேவை என்று வாதிட்டார். அக்குவினாஸ், கடவுளால் வேறு வழியிலும் மீட்டிருக்க முடியும், ஆனால் இதைவிடப் பொருத்தமான வழி இல்லை என்றார். அக்குவினாசின் விடை கடவுளின் சுதந்திரத்தைக் காப்பாற்றுகிறது. அதனால் அது மேலானதாகத் தோன்றுகிறது.

மீட்பை விளக்கும் கொள்கைகளில் எது சரி?

நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் நைசேயா முதல் கல்கெதோன் வரை கூடிய திருச்சபைப் பொதுச்சங்கங்கள் கிறிஸ்து யார் என்பதை வரையறுத்தன. அவர் எந்த முறையில் மீட்டார் என்று ஒரே கொள்கையை விதிக்கவில்லை. விசுவாச அறிக்கை, நமக்காகவும் நம் மீட்புக்காகவும் என்று சொல்லி நிறுத்துகிறது.

அந்த இடத்தை நிரப்பப் பல விளக்கங்கள் எழுந்தன. இரண்டாம் நூற்றாண்டில் இரனேயு, ஆதாம் கெடுத்த மனித வாழ்வின் ஒவ்வொரு கட்டத்தையும் கிறிஸ்து மறுபடி வாழ்ந்து சரிசெய்தார் என்றார். ஆன்செல்ம் பேசியது கடவுளின் மாண்புக்குச் செய்யும் ஈட்டைப் பற்றி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அபெலார்ட், சிலுவையில் தெரியும் அன்பு மனித இதயத்தில் எழுப்பும் அன்பை அழுத்திச் சொன்னார். கால்வின் உள்ளிட்ட சீர்திருத்தவாதிகள், நமக்குரிய தண்டனையை அவர் ஏற்றார் என்பதை மையமாக்கினார்கள். சுவீடனைச் சேர்ந்த குஸ்டாஃப் ஔலேன் 1930-ல், ஆதித்திருச்சபையின் அடிப்படைப் பார்வை 'வெற்றிவீரராகிய கிறிஸ்து' என்பதே என்று வாதிட்டார். கிழக்குத் திருச்சபைகள் எப்போதுமே உயிர்த்தெழுதலையும், மனிதர் கடவுளின் வாழ்வில் பங்கு பெறுவதையும் முன்னிறுத்துகின்றன.

ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றைத் தள்ளும்போதுதான் சிக்கல். தண்டனை ஏற்பை மட்டும் பிடித்தால் உயிர்த்தெழுதலுக்கு வேலையில்லாமல் போகிறது. வெள்ளிக்கிழமையே எல்லாம் முடிந்துவிடும். அன்பின் முன்மாதிரியை மட்டும் பிடித்தால், அந்த மரணம் எதையும் சாதிக்காமலே அன்பைக் காட்டியதாக ஆகும்; யாரையும் காப்பாற்றாமல் ஆற்றில் குதிப்பவரின் அன்பு புரியாத அன்பாகவே இருக்கும். வெற்றியை மட்டும் பேசினால் என் சொந்தக் குற்றம் எங்கே போயிற்று என்பதற்குப் பதில் இல்லை.

மீட்பு எல்லாருக்குமா, சிலருக்கா?

மாற்கு 10:45 'அநேகரை' என்கிறது, 1 தீமோத்தேயு 2:6 'எல்லாரையும்' என்கிறது. எபிரெய வழக்கில் 'அநேகர்' என்பது 'எல்லாரும் அல்ல' என்று குறைக்கும் சொல்லாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. ஒருவர் கொடுத்தது, பெருந்திரள் பெற்றது என்ற எதிர்நிலையைத்தான் ஏசாயா 53-ம் காட்டுகிறது.

1618, 1619-ல் கூடிய, கால்வின் மரபினரின் டார்ட் சங்கம், கிறிஸ்துவின் மரணத்துக்கு உலகம் முழுவதற்கும் போதுமான மதிப்பு உண்டு, ஆனால் அது பயனளிக்கும்படி கடவுள் நோக்கியது தம்மால் தெரிந்துகொள்ளப்பட்டவர்களை மட்டும் என்று வரையறுத்தது. கத்தோலிக்கர், கிழக்கத்தியர், லுத்தரன்கள், மெதடிஸ்டுகள் ஆகியோர் கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார் என்று போதிக்கிறார்கள். 2 பேதுரு 2:1, தங்களை விலைக்கு வாங்கிய ஆண்டவரையே மறுதலிக்கிறவர்களைப் பற்றிப் பேசுகிறது. டார்ட் நிலைப்பாட்டுக்குக் கடினமான வசனம் அது.

எல்லாருக்காகவும் மரித்தார் என்பதும் எல்லாரும் மீட்பைப் பெற்றுவிட்டார்கள் என்பதும் ஒன்றல்ல. சம்பாதிக்கப்பட்ட மீட்பு, ஒருவரிடம் வந்து சேரும் மீட்பு என்று இறையியலாளர்கள் பிரித்துப் பேசுவது இதற்காகத்தான்.

அது என்னிடம் வந்து சேர நான் என்ன செய்ய வேண்டும்?

பெரும்பாலான திருச்சபைகள் ஒத்துக்கொள்வது: தொடக்கம் கடவுளுடையது, மனிதர் மனந்திரும்பி விசுவாசிக்கிறார்கள், திருமுழுக்குப் பெறுகிறார்கள். திருமுழுக்கு என்ன செய்கிறது, நற்செயல்களின் இடம் என்ன என்பதில் வேறுபாடுகள் உண்டு. ஆனால் 1999-ல் லுத்தரன்களும் கத்தோலிக்கரும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, நம்முடைய தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், அந்தக் கிருபை நற்செயல்களுக்கு நம்மை அழைக்கிறது என்று இருதரப்பும் சேர்ந்து சொல்லிவிட்டது.

அதிகம் நடக்கும் பிழை, விலையைத் திருப்பிச் செலுத்தப் பார்ப்பது. அவர் எனக்காக இவ்வளவு செய்தார், நான் ஈடுகட்ட வேண்டும் என்ற எண்ணம் பக்தியாகத் தெரிந்தாலும் மீட்பை மறுபடி கடனாக மாற்றிவிடுகிறது. டெல்பி ஊரின் அப்போலோ கோயில் வளாகத்தில் அடிமை விடுதலைக் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. அடிமையைத் தெய்வத்துக்கு விற்றதாக எழுதி விடுதலை செய்வார்கள். நடைமுறையில் அந்தப் பணம் பெரும்பாலும் அடிமை தானே சேர்த்தது. பல கல்வெட்டுகளில், பழைய எஜமானுக்கு இன்னும் சில காலம் உழைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். சுவிசேஷத்தில் அந்தப் பணமும் அடிமையுடையதல்ல, அந்த நிபந்தனையும் இல்லை.

மீட்கப்பட்டவர் இஷ்டப்படி வாழலாமா?

"நீங்கள் உங்களுடையவர்களல்ல" என்பதுதான் 1 கொரிந்தியர் 6-ல் கிரயத்தைப் பற்றிய வரிக்கு முன்னால் வருவது. பவுல் அங்கே பேசிக்கொண்டிருப்பது உடலைப் பற்றி, பாலியல் ஒழுக்கத்தைப் பற்றி. உயர்ந்த தத்துவத்துக்கு அல்ல, உடலை எப்படி நடத்துவது என்பதற்கே அவர் மீட்பை ஆதாரமாக்குகிறார். கால்வின் மரபினரின் போதனை நூலான 1563-ன் ஹைடெல்பெர்க் வினாவிடை இதையே ஆறுதலாகத் திருப்பிப் போட்டு முதல் விடையில் வைத்தது: வாழ்விலும் சாவிலும் நான் எனக்குச் சொந்தமல்ல, கிறிஸ்துவுக்குச் சொந்தம். எகிப்திலிருந்து மீட்கப்பட்டவர்களுக்குப் பத்துக் கட்டளைகள் கொடுக்கப்பட்ட வரிசையையும் கவனியுங்கள். கட்டளைகள் விடுதலைக்குப் பின் வந்தன.

கிடைத்த மீட்பை இழக்க முடியுமா?

கால்வின் மரபினர், உண்மையாய் மீட்கப்பட்டவர் கடைசிவரை காக்கப்படுவார் என்கிறார்கள் (யோவான் 10:28). கத்தோலிக்கர், சாவான பாவத்தால் அருள்நிலையை இழக்கலாம், ஒப்புரவு அருளடையாளத்தில் திரும்பப் பெறலாம் என்கிறார்கள். லுத்தரன்களும் மெதடிஸ்டுகளும் விசுவாசத்திலிருந்து விழும் வாய்ப்பை ஏற்கிறார்கள் (எபிரெயர் 6:4-6). தினமும் அஞ்சி நடுங்குகிறவருக்கு முதல் வசனத்தையும், அலட்சியமாக இருப்பவருக்கு இரண்டாவதையும் கொடுப்பதே ஆன்ம வழிகாட்டிகளின் வழக்கம். மாற்றிக் கொடுத்தால் இருவருக்குமே கேடு.

மீட்கப்பட்டேன் என்கிறார்கள். ஆனால் பாவமும் நோயும் சாவும் அப்படியே இருக்கின்றனவே?

புதிய ஏற்பாடு மீட்பை இரண்டு காலங்களில் பேசுகிறது. எபேசியர் 1:7-ல் மீட்பு நமக்கு உண்டாயிருக்கிறது. எபேசியர் 4:30-ல் மீட்கப்படும் நாள் இனிமேல் வரும். ரோமர் 8:23-ல் நாம் சரீர மீட்புக்குக் காத்திருந்து உள்ளத்தில் தவிக்கிறோம். நம்மோடு படைப்பு முழுவதும் தவிக்கிறது. ஆகவே உடல் நோய்ப்படுவது மீட்பு பொய் என்பதற்குச் சான்றல்ல. விசுவாசம் இருந்தால் நோயே வராது என்று போதிப்பது, வரவேண்டிய நாளை வந்துவிட்டதாகச் சொல்லி, நோயாளிக்குக் குற்றவுணர்வையும் சேர்த்துக் கொடுக்கிறது.

இடைப்பட்ட காலத்தில் கையில் இருப்பது என்ன? எபேசியர் 1:14 பரிசுத்த ஆவியானவரை அச்சாரம் என்கிறது. அச்சாரம் வெறும் வாக்குறுதி அல்ல. முழுத்தொகையின் ஒரு பகுதி முன்பே கைமாறுவது.

எரேமியா 32-ஆம் அதிகாரத்தில் இது கண்முன் நடக்கிறது. எருசலேமைப் பாபிலோன் படை முற்றுகையிட்டிருக்கிறது. எரேமியா காவல்வீட்டு முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். பெரியப்பனோ சித்தப்பனோ, தகப்பனுடைய சகோதரன் ஒருவரின் மகனாகிய அனாமெயேல் வந்து, ஆனதோத்திலிருக்கும் என் நிலத்தை வாங்கிக்கொள், மீட்கும் அதிகாரம் உன்னுடையது என்கிறான். படையெடுத்து வந்தவர்கள் கையில் சிக்கிய நாட்டில், கால்வைக்கவும் முடியாத நிலம். எரேமியா 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரம் எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை போட்டு, சாட்சிகளையும் வைக்கிறார். முத்திரையிட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் தம் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்து, அவை அநேக நாள் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார்.

பணம் கொடுத்த பிறகு அவரே கடவுளிடம் திரும்பி, நகரம் கல்தேயர் (பாபிலோனியர்) கையில் விழப்போகிறது, நீரோ நிலத்தை வாங்கச் சொன்னீரே என்று ஜெபிக்கிறார். குழப்பத்தை மறைக்கவில்லை. அவர் ஜெபித்துக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் பத்திரம் பாண்டத்துக்குள் செல்லுபடியாகத்தான் இருந்தது.